ஐயெல்ட்ஸில் 7 வாங்கியும் வார்டில் ஒன்றும் புரியவில்லையா? பிரிட்டனின் ஊர் உச்சரிப்புகளுக்குக் காதைப் பழக்கும் வழி

பிரிட்டனுக்கு வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர்கள் விசா, வாடகை வீடு, வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டுத் தயாராகிறார்கள். காதுக்கு மட்டும் யாரும் தயாரிப்பு செய்வதில்லை. ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்விலும் மருத்துவப் பணியாளர்களுக்கான ஓஇடி தேர்விலும் பேசுபவர்கள் நிதானமாக, பெரும்பாலும் பொதுவான உச்சரிப்பில் பேசுகிறார்கள். கிளாஸ்கோவில் ஒரு பாட்டி வலியோடு பேசுவதும், நியூகாசிலில் ஒரு பஸ் டிரைவர் அவசரமாகப் பதில் சொல்வதும் அப்படி இருக்காது.

ஊர் உச்சரிப்பைச் சொல் சொல்லாக மனப்பாடம் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். ஒரு ஊரில் முக்கியமாக மாறுவது நான்கைந்து ஒலிகள்தான். அந்த மாற்றம் விதி போல ஒரே சீராக நடக்கும். அந்த ஊருக்கான விதிகளைப் பிடித்துவிட்டால் நூற்றுக்கணக்கான சொற்கள் தாமாகத் தெளிந்துவிடும். கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். பயணத்துக்கு ஆறு வாரம் முன்பு தொடங்கி, நாளுக்கு 20 நிமிடம் ஒதுக்கினால் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்கார்ந்து மூன்று மணி நேரம் கேட்பதில் பலன் குறைவு.

1. எந்த ஊர் என்று காகிதத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள்

"யூகே போகிறேன்" என்பது இங்கே உதவாது. ஆஃபர் லெட்டரிலும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழிலும் வேலையிடத்தின் முகவரி இருக்கும். தலைமை அலுவலகம் லண்டனில் இருந்தாலும் நீங்கள் நிற்கப்போகும் வார்டு சண்டர்லாந்தில் இருக்கலாம். மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை விட வளாகம் இருக்கும் ஊரைப் பார்க்க வேண்டும்.

ஊர் தெரிந்ததும் அது கீழ்க்கண்டவற்றில் எதில் சேரும் என்று பாருங்கள்: லண்டனும் தென்கிழக்கும்; பிரிஸ்டல், டெவன், கார்ன்வால் இருக்கும் தென்மேற்கு; பர்மிங்ஹாமைச் சுற்றிய நடுப்பகுதி; லீட்ஸ், மான்செஸ்டர், லிவர்பூல் இருக்கும் வடக்கு; நியூகாசில் இருக்கும் வடகிழக்கு; ஸ்காட்லாந்து; வட அயர்லாந்து; வேல்ஸ். உங்களுக்கு உரிய ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால் எதுவும் காதில் நிற்காது.

2. முதலில் நம் காதில் இருக்கும் சிக்கலைச் சரிசெய்யுங்கள்

தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு இதுதான் முதல் தடங்கல். நாம் சூடு என்பதற்கான ஆங்கிலச் சொல்லை "ஹாட்" என்கிறோம். இங்கிலாந்தில் அது குறில் "ஹொட்". அதே இங்கிலாந்தில் இதயத்துக்கு "ஹாட்" என்பார்கள், ஏனென்றால் அங்கே ர் ஒலிக்காது. ஆக அவர்கள் இதயம் என்று சொல்வது நமக்குச் சூடு என்று கேட்கும். மருத்துவமனையில் இது சின்ன விஷயமில்லை. பானையும் பகுதியும் (பொட், பாட்), கட்டிலும் வண்டியும் (கொட், காட்) இதே கதைதான்.

இலங்கைத் தமிழர் டொக்டர், ஒஃபிஸ், கொப்பி என்று எழுதுவது இந்த விஷயத்தில் பிரிட்டிஷ் ஒலிக்கு நெருக்கம். அந்த எழுத்துமுறையை மனத்தில் வைத்துக்கொண்டு, நீங்கள் "ஆ" என்று பழகிய சொற்களை "ஒ" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்: ஹொஸ்பிட்டல், ஷொப், பொட்டில், ப்ரொப்ளம். இரண்டு நாளில் காது மாறத் தொடங்கும்.

அடுத்தது ர். நாம் எழுத்தில் ர் இருந்தால் ஒலிப்போம். இங்கிலாந்தின் பெரும்பகுதியில் உயிரொலி பின்னால் வந்தால்தான் ர் கேட்கும். "கார்" என்பது "கா", "வார்டு" என்பது "வோட்", "சார்ட்" என்பது "சாட்". உடம்பு சரியில்லை என்பதற்கு அன்றாடம் சொல்லும் "பூர்லி" பல வாய்களில் "போலி" ஆகிவிடும். மறுபுறம், எழுத்தில் இல்லாத ர் நடுவில் முளைக்கும்: "ஐடியா ஆஃப்" என்பது "ஐடியர் ஒவ்" என்று வரும். அது வேறு சொல்லோ என்று தேட வேண்டாம்.

ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் தென்மேற்கிலும் ர் முழுதாக ஒலிக்கும். ஸ்காட்லாந்து உச்சரிப்பு கடினம் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். ஆனால் ர் விஷயத்தில் தமிழருக்கு லண்டனை விட அதுவே எளிது.

3. உங்கள் ஊருக்குரிய விதிகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

வடக்கு இங்கிலாந்து: இரண்டே விதிகள், ஆனால் மிகப் பெரிய விளைவு. ஒன்று, தெற்கே நெடிலாக வரும் ஆ இங்கே குறிலாகும். குளியலுக்குத் தெற்கில் "பாத்", வடக்கில் "பத்". புல், கண்ணாடி, வகுப்பு, சிரிப்பு, கடைசி ஆகியவற்றுக்கான சொற்களும் அப்படியே: க்ராஸ் க்ரஸ் ஆகும், லாஸ்ட் லஸ்ட் ஆகும். அப்பா என்பதற்கான "ஃபாத", பாதி என்பதற்கான "ஹாஃப்", முடியாது என்பதற்கான "கான்ட்" பொதுவாக வடக்கிலும் நெடில்தான்.

இரண்டு, தெற்கில் அ என்று கேட்பது வடக்கில் உ ஆகும். கப் என்பது குப், பஸ் என்பது புஸ், லன்ச் என்பது லுன்ச், மண்டே என்பது முண்டே. நர்ஸுகளுக்கு: ப்ளட் என்பது ப்ளுட், லங்ஸ் என்பது லுங்ஸ். ஒன்று என்ற எண்ணைப் பலர் "வொன்" என்பார்கள். இந்த இரண்டு விதிகளையும் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க உங்கள் ஆங்கிலச் சொற்களை மனத்துக்குள் மாற்றிப் பாருங்கள். லீட்ஸில் இறங்கியதும் பாதி வேலை முடிந்திருக்கும்.

யார்க்‌ஷர் பக்கம் "தி" என்ற சிறு சொல் சுருங்கி ஒரு "ட்" ஆகவோ தொண்டையில் ஒரு சின்னத் தடையாகவோ நின்றுவிடும். "ஓட்" என்றால் ஏதாவது, "நோட்" என்றால் ஒன்றுமில்லை (சிலர் வாயில் ஔட், நௌட்). ஷிஃப்ட் பற்றிப் பேசும்போது "நைன் வைல் ஃபைவ்" என்றால் ஒன்பது முதல் ஐந்து வரை. அங்கே "வைல்" என்பதற்கு "வரை" என்ற பொருளும் உண்டு. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு ஷிஃப்டைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

லிவர்பூலில் சொல்லின் கடைசி க் காற்றோடு கரகரப்பாக வரும். முதுகு என்பதற்கான "பேக்" கிட்டத்தட்ட "பாஹ்". தலைமுடிக்கும் அவளுக்கும் உள்ள சொற்கள் ஒரே மாதிரி கேட்கும், வாக்கியத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

நியூகாசிலில், குறிப்பாக வயதானவர்களிடம், பேசு, நட என்பவற்றுக்கான சொற்கள் "டாக்", "வாக்" என்று வரும். வேலை என்பது "வோக்" ஆகும், அதாவது நம் காதில் அது நடை என்று விழும். "டிவ்வன்ட்" என்றால் "டோன்ட்". "ஹ்யெம்" என்றால் வீடு. "பெட்" என்று உங்களை அழைத்தால் அது அன்பான விளி.

ஸ்காட்லாந்து: வடக்கு இங்கிலாந்துக்குச் சொன்ன முதல் விதி உண்டு, இரண்டாவது கிடையாது. குளியல் "பத்", ஆனால் கோப்பை "கப்" தான். நல்லது என்ற சொல்லும் உணவு என்ற சொல்லும் ஒரே உயிரொலியில் வரும். கிளாஸ்கோ பக்கம் வீடு "ஹூஸ்" என்றும் கீழே "டூன்" என்றும் கேட்கலாம். ர், ல் அல்லது ல், ம் சேர்ந்து வந்தால் நடுவில் ஒரு சிறு உயிர் நுழையும்: பெண் "கெரல்", உலகம் "வெரல்ட்", படம் "ஃபிலம்".

மறக்கக் கூடாத ஒன்று எதிர்மறை. "கான்னே", "டிட்னே", "வஸ்னே", "இஸ்னே" என்று முடிவில் "னே" வந்தால் அது "இல்லை". மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்கும்போது அந்தச் சின்ன "னே" காதில் விழவில்லை என்றால் பதில் தலைகீழாகிவிடும். சந்தேகம் வந்தால் "ஸோ யு டிட் நொட் டேக் இட்?" என்று முழுதாகக் கேட்டுவிடுங்கள்.

"ஐ" என்றால் ஆம், நீண்ட "நா" என்றால் இல்லை. "வேர் டு யு ஸ்டே?" என்பது எந்த ஓட்டல் என்ற கேள்வி அல்ல, வீடு எங்கே என்ற கேள்வி. நோயாளி "பீலி-வாலி" என்றால் முகம் வெளிறி இருப்பது, "ஒக்ஸ்டர்" என்றால் அக்குள், "போக்" என்றால் குமட்டல். இவை எந்தத் தேர்வுப் புத்தகத்திலும் வருவதில்லை.

லண்டன்: இங்கே மெய்யெழுத்துகள்தான் சிக்கல். நடுவிலும் கடைசியிலும் வரும் ட் மறைந்து தொண்டையில் ஒரு வெட்டாக நிற்கும்: தண்ணீர் "வோ–அ", பாட்டில் "பொ–ல்". மூன்று என்பது "ஃப்ரீ" ஆகும், நினைப்பது "ஃபின்க்" ஆகும், சகோதரன் "ப்ரவ" ஆவான். சொல் முதல் ஹ் விழுந்துவிடும். கடைசி ல் "ஓ" போலக் கரையும்: பால் "மியோக்". இன்று என்பது "டுடை" என்று கேட்கும்.

இங்கே ஒரு பொறி: முடியும், முடியாது இரண்டுக்கும் கடைசி ட் நம்பகமில்லை. தெற்கில் உயிரொலியின் நீளத்தைக் கேளுங்கள். நெடிலாக "கான்" என்று வந்தால் முடியாது. குறிலாக, விரைவாகக் கடந்துபோனால் முடியும்.

பர்மிங்ஹாமில் ஐந்து "ஃபொய்வ்", நாள் "டை". பெல்ஃபாஸ்டில் இப்போது என்பது "நய்" என்றும், வீடு "ஹைஸ்" என்றும், எட்டு "இயட்" என்றும் வரும். எந்தப் பொருளுக்கும் முன்னால் "வீ" (சின்ன) சேர்ப்பார்கள். வேல்ஸில் உயிரொலிகள் தெளிவாக இருக்கும், தமிழ்க் காதுக்கு அதிகச் சிரமமில்லை.

4. ஒரே பத்தியைப் பல ஊர்க் குரல்களில் கேளுங்கள்

இதற்குக் காசு தேவையில்லை. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் நடத்தும் ஸ்பீச் அக்சென்ட் ஆர்க்கைவ் என்ற தளத்தில், உலகெங்கும் உள்ளவர்கள் ஒரே 69 சொல் பத்தியைப் படித்த பதிவுகள் இருக்கின்றன. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் கடையிலிருந்து சில பொருள் வாங்கி வரச் சொல்லும் சிறு பத்தி. ஆங்கிலம் தாய்மொழியானவர்களின் பட்டியலில் ஊர் வாரியாகத் தேடலாம்.

முதல் நாள் பத்தியைக் காகிதத்தில் எழுதுங்கள். அதில் வரும் "ஆஸ்க் ஹெர்", "ஸ்டோர்", "ப்ரதர்", "த்ரீ ரெட் பேக்ஸ்" ஆகிய நான்கையும் வட்டமிடுங்கள். பிறகு உங்கள் ஊருக்கு அருகில் உள்ளவரின் குரலை ஓடவிட்டு, அந்த நான்கு இடங்களில் மட்டும் என்ன கேட்கிறது என்று தமிழில் எழுதுங்கள். ஒருவரிடம் "அஸ்க் அ", "ஸ்டோ", "ப்ருத" வரும். இன்னொருவரிடம் "அஸ்க் ஹெர்", "ஸ்டோர்", "ப்ரதர்" வரும். லண்டன்காரர் சிலரிடம் "ஃப்ரீ ரெட் பேக்ஸ்" வரும். எல்லாச் சொல்லையும் கவனிக்கப் போனால் எதுவும் பிடிபடாது, நான்கே போதும். ஒரே ஊர்க்காரரும் வயது, படிப்பு பொறுத்து வேறுபடுவார். அதனால் ஒரு குரலோடு நிறுத்தாதீர்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து தங்குதடையில்லாத பேச்சுக்கு மாறுங்கள். இன்டர்நேஷனல் டயலெக்ட்ஸ் ஆஃப் இங்கிலிஷ் ஆர்க்கைவ் என்ற தளத்தில் படித்த பகுதிக்குப் பிறகு அவர்களே இயல்பாகப் பேசும் பகுதியும் இருக்கும். பலவற்றுக்கு எழுத்து வடிவமும் உண்டு. முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள், பிறகு பார்த்துக்கொண்டு, மறுபடி பார்க்காமல்.

பிரிட்டனில் இறங்கியதும் பிபிசி சவுண்ட்ஸ் செயலியில் அந்தந்த ஊர் வானொலியைக் கேளுங்கள்: ரேடியோ நியூகாசில், ரேடியோ மெர்சிசைட், ரேடியோ ஸ்காட்லாந்து, ரேடியோ அல்ஸ்டர். தொலைபேசியில் நேயர்கள் பேசும் நிகழ்ச்சிதான் நமக்கு வேண்டியது. அறிவிப்பாளர்கள் தெளிவாகப் பேசிவிடுவார்கள், நேயர்கள் பேசுவதே தெருவில் கேட்கும் பேச்சு. வானொலிக்கு டிவி லைசன்ஸ் தேவையில்லை. ஆனால் ஐபிளேயரைத் திறந்தாலோ நேரலை டிவி பார்த்தாலோ லைசன்ஸ் கட்டாயம். 2025 ஏப்ரலில் அந்தக் கட்டணம் ஆண்டுக்கு 174.50 பவுண்டு ஆனது. இரண்டும் பிபிசிதானே என்று நினைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

அகராதிச் செயலிகளில் "யூகே" என்று வரும் ஒலி தெற்கின் பொதுவான உச்சரிப்பு மட்டுமே. கேம்பிரிட்ஜ் இணைய அகராதி இலவசம், ஒரு சொல்லின் அடிப்படை ஒலிக்கு நல்லது. ஊர் உச்சரிப்புக்கு அது உதவாது.

5. ஊர்ப் பெயர்களை ரயில் ஏறும் முன் படியுங்கள்

எழுத்தைப் பார்த்து வாசித்தால் ரயில் அறிவிப்பில் உங்கள் ஊரே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். லெஸ்டர், க்ளொஸ்டர், வுஸ்டர் ஆகிய மூன்றிலும் நடுவில் உள்ள எழுத்துகள் ஒலிப்பதில்லை. ரெடிங், டாபி, நொரிச், க்ரெனிச், எடின்ப்ரா, லஃப்ப்ரா என்றே சொல்ல வேண்டும். யார்க்‌ஷரின் கீத்லி, நார்தம்பர்லாந்தின் அனிக், கிளாஸ்கோ அருகே உள்ள மல்கை ஆகியவற்றை எழுத்திலிருந்து ஊகிக்கவே முடியாது.

லண்டனில் "ஹாம்" என்று முடியும் பெயர்களில் பெரும்பாலும் ஹ் கேட்காது: பாலம், க்ளாப்பம், ஸ்ட்ரெட்டம். தமிழ்க் கடைகள் நிறைந்த ஈஸ்ட் ஹாமை உள்ளூர்க்காரர் பலர் "ஈஸ்டாம்" என்பார்கள். அங்கிருந்து இரண்டாவது நிலையம் "ப்ளாஸ்டோ", எழுத்தில் இருக்கும் ஐ ஒலிக்காது. வீடு பார்க்கப் போகும் முன் தெருப் பெயரையும் நிலையத்தின் பெயரையும் ஒரு சொல் வரும் யூடியூப் காணொளிகளைக் காட்டும் யூகிளிஷ் தளத்தில் தட்டிக் கேட்டுவிடுங்கள்.

6. எண், எழுத்து, நேரம்: ஒரு சிறு அட்டை தயாரியுங்கள்

நம் பெயர்கள் நீளம். தொலைபேசியில் எழுத்து எழுத்தாகச் சொல்லும்போது இரு பக்கமும் பிழை வரும். லண்டன் வாயில் ஆங்கில முதலெழுத்து "ஐ" போலக் கேட்கும். ஸ்காட்லாந்தில் ஜே என்பதைச் சிலர் "ஜை" என்பார்கள். கடைசி எழுத்தை நாம் "ஜெட்" என்றால் அவர்கள் வேறு எழுத்தாக எழுதிக்கொள்வார்கள். எட்டாம் எழுத்தைச் சிலர் "எய்ச்", சிலர் "ஹெய்ச்" என்பார்கள். வட அயர்லாந்தில் அது மதச் சமூகத்தின் அடையாளமாகவும் பார்க்கப்படும், எனவே யாரையும் திருத்தப் போகாதீர்கள்.

தீர்வு, ஆல்ஃபா, ப்ராவோ, சார்லி என்று போகும் வானொலி எழுத்துமுறை. ஓர் அட்டையில் உங்கள் பெயர், குடும்பப் பெயர், போஸ்ட்கோட், மின்னஞ்சல் நான்கையும் அந்த முறையில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். முருகன் என்றால்: மைக், யூனிஃபார்ம், ரோமியோ, யூனிஃபார்ம், கோல்ஃப், ஆல்ஃபா, நவம்பர். வங்கி, ஜிபி (குடும்ப மருத்துவர்), மின் இணைப்பு எல்லாவற்றுக்கும் இந்த ஓர் அட்டை போதும்.

பதிமூன்றா முப்பதா, பதினைந்தா ஐம்பதா என்று சந்தேகம் வந்தால் சொல்லைத் திருப்பிச் சொல்லாதீர்கள், இலக்கமாகச் சொல்லுங்கள்: "ஒன் ஃபைவ்?" மருந்தின் அளவு என்றால் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள். பூஜ்ஜியத்தை "ஓ" என்பார்கள். "ஹாஃப் ஃபைவ்" என்றால் ஐந்தரை. வடக்கில் "டின்னர்" மதிய உணவாகவும் "டீ" இரவு உணவாகவும் இருக்கலாம். உணவுக்கு முன் பின் மாத்திரை கொடுப்பவர்கள் மணியைச் சேர்த்துக் கேளுங்கள்.

7. புரியாதபோது என்ன கேட்பது

"வாட்?" என்பது முரட்டுத்தனமாக ஒலிக்கும். "அகெய்ன் ப்ளீஸ்" என்றால் அதே சொல்லை இன்னும் சத்தமாகச் சொல்வார்கள், பயனில்லை. புரிந்த பகுதியைச் சொல்லி, புரியாத துண்டை மட்டும் கேளுங்கள்: "யு வான்ட் மீ டு டேக் த பேஷண்ட் டு... வேர், சாரி?" அவர்கள் அந்த ஒரு சொல்லை மட்டும் தெளிவாகச் சொல்வார்கள். அதுவும் பிடிபடவில்லை என்றால், "குட் யு புட் இட் அனதர் வே?" என்று வேறு விதமாகச் சொல்லச் சொல்லுங்கள். புரியாமல் தலையாட்டுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. நம் தலையசைப்பை அவர்கள் சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள்.

வீட்டில் ஆங்கிலம் குறைவாகத் தெரிந்த அம்மா, அப்பா இருந்தால் ஜிபியில் பதிவு செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள். நோயாளி அதற்குக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. வழக்கமான சந்திப்பு பெரும்பாலும் 10 நிமிடம்தான். மொழிபெயர்ப்பில் பாதி போய்விடும் என்பதால் இரட்டை நேரம் கேட்டு வாங்குங்கள். மருத்துவ ஆலோசனைக்கான 111 எண்ணை அழைத்தாலும் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், மொழியின் பெயரை ஆங்கிலத்தில் சொன்னால் போதும். போன் தானாகப் போடும் வசனவரிகளை ஊர் உச்சரிப்பில் நம்பாதீர்கள், எண்களையும் மருந்துப் பெயர்களையும் அவை அடிக்கடி தவறவிடும். ஹேண்டோவரை (ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகள் பற்றிச் சொல்வதை) அனுமதியில்லாமல் பதிவு செய்வதும் கூடாது, அதில் நோயாளியின் அந்தரங்கம் இருக்கிறது.

8. எதற்குக் காசு கொடுக்க வேண்டாம்

"அக்சென்ட்டை நீக்கித் தருகிறோம்" என்று விற்கப்படும் வகுப்புகளைத் தவிருங்கள். உங்கள் தமிழ் ஒலியை அழிக்க வேண்டிய தேவை எங்கும் இல்லை. எதிரில் இருப்பவருக்குப் புரிவதற்கு மூன்றைத் திருத்தினால் போதும். மேற்கு என்ற சொல்லையும் உள்ளாடைக்கான "வெஸ்ட்" என்பதையும் நாம் ஒரே வ் போட்டுச் சொல்கிறோம். முதலாவதற்கு உதடுகளைக் குவியுங்கள், இரண்டாவதற்கு மேற்பல் கீழுதட்டில் படட்டும். ஸ் அதிர்ந்து வரும் ஒலியை (ஆங்கிலக் கடைசி எழுத்தின் ஒலி) ஜ் ஆக்காதீர்கள். சொல்லின் எந்த அசையை அழுத்துவது என்பதை அகராதியில் பாருங்கள். அசை அழுத்தம் தவறினால் மற்ற எல்லா ஒலியும் சரியாக இருந்தும் புரியாது.

ஊர் நூலகத்தில் உறுப்பினர் கட்டணம் கிடையாது. முகவரிக்கு வங்கிக் கடிதமோ கவுன்சில் வரி ரசீதோ கொண்டுபோனால் போதும், பல நூலகங்களில் வாரம் ஒருமுறை ஆங்கிலத்தில் பேசிப் பழகும் கூட்டமும் நடக்கும். கல்லூரிகளின் ஆங்கில வகுப்புகளுக்கு விசா வகையைப் பொறுத்துக் கட்டணம் மாறும், சேரும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஓஇடி பேச்சுத் தேர்வில் உச்சரிப்புக்கு மதிப்பெண் போடுவது கேட்பவருக்குப் புரிகிறதா என்பதற்கு. ஊர் உச்சரிப்பைக் காப்பியடித்துப் பேசினால் அதில் கூடுதல் மதிப்பெண் எதுவும் கிடையாது.